சரிசெய்த பிறகு அழித்த கம்ப்யூட்டர்

1. மூன்று வரிப் பாடம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி எனக்குத் தொழிலை மூன்று வரியில் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

"ஓடலைன்னா ரேமைக் கழட்டி ரப்பர் வச்சுத் தேயி. அப்பவும் ஓடலைன்னா ஃபார்மேட் போடு. அதுக்கும் ஓடலைன்னா ஹார்டு டிஸ்க் போச்சுன்னு சொல்லிரு. இதுக்கு மேல இந்தத் தொழில்ல ஒண்ணுமில்ல, பூமயிலு."

2004ஆம் வருஷம். ராமநாதபுரம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடிக் கடை. முதலாளி பெயர் கணேசபாண்டி. கீழே மருந்துக்கடை, மேலே நாங்கள். கம்ப்யூட்டர் விற்பனை ஒரு பக்கம், தட்டியால் மறைத்த சர்வீஸ் மேஜை இன்னொரு பக்கம். நான் நயினார்கோவில் பக்கத்துக் கிராமம். அய்யாவுக்கு மிளகாயும் பருத்தியும். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் இருந்தபின் கிடைத்த வேலை இது.

தட்டிக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "மெக்கானிக் இல்லையாம்மா?" என்றுதான். நான்தான் என்று சொன்னால், சிபியுவைக் கையில் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மதியம் வரைக்கும் உட்கார்ந்திருந்து முதலாளி வந்ததும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அவர் அதை வாங்கி, தட்டியைத் தாண்டி வந்து, என் முன்னால் வைப்பார்.

முதலாளியின் மூன்று வரியில் முதல் வரி உண்மை. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபத்திலிருந்து வருகிற மெஷின்களில் பாதிக்கு மேல் உப்புக்காற்றுதான் வியாதி. ரேம் என்கிற நினைவகப் பட்டையின் செம்புப் பற்கள் பச்சை பூத்திருக்கும். பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டினால் உயிர் வந்துவிடும். இரண்டாவது வரிதான் எனக்கு உறுத்தலாக இருந்தது. ஃபார்மேட் என்றால் டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது. எதற்கெடுத்தாலும் அதுதான் வைத்தியம் என்றால் நான் எதற்கு, டிப்ளமோ எதற்கு?

2. அப்டேட் சீசன்

நான் சேர்ந்த சில மாதங்களில் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் பெரிய அப்டேட் ஒன்று வந்தது. சர்வீஸ் பேக் என்போம். அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு என் மேஜைக்கு வந்ததெல்லாம் அதில் அடிபட்ட மெஷின்கள்தான்.

காரணங்கள் பெரிதாக ஒன்றுமில்லை. டிஸ்க்கில் இடம் இருக்காது. பிரிண்டர் மாதிரி ஏதாவது ஒன்றை ஓட்டுகிற பழைய டிரைவர் புரோகிராம் புதிய ஃபைல்களோடு ஒத்துப்போகாது. எல்லாவற்றையும் விட, கரண்டு. அப்டேட் ஏறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விடும். பாதி ஃபைல் புதிது, பாதி பழையது. அப்புறம் சுவிட்சைப் போட்டால் லோகோ வரும், திரை இருட்டாகும், திரும்ப லோகோ வரும். நாள் முழுக்க இதேதான். ரீஸ்டார்ட் லூப்.

நான் நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டேன். எஃப்8 அழுத்தி, தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தினால், நீலத் திரை அப்படியே நிற்கும். அதில் ஸ்டாப் கோடு என்று ஒரு பிழை எண் இருக்கும். அதை எழுதிக்கொள்வேன். பிரவுசிங் சென்டரில் போய் அந்த எண்ணைத் தேடி, என்ன செய்தால் சரியாகும் என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்வேன். அடிப்படை ஃபைல்களோடு மட்டும் ஓடுகிற சேஃப் மோடில் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறினால் அப்டேட்டை மட்டும் நீக்கலாம். ஏறாவிட்டால் சிடியைப் போட்டு ரெக்கவரி கன்சோலில் போய், கறுப்புத் திரையில் கட்டளை அடித்து நீக்கலாம். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மெஷினில் ஸ்லேவாக, அதாவது இரண்டாவது டிஸ்க்காக, மாட்டியும் பார்க்கலாம். பத்து மெஷினில் எட்டுக்கு ஃபார்மேட்டே தேவையில்லை. அந்த நோட்டை எழுதி முடித்தபோது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

முதலாளிக்கு அந்த நோட்டு பிடிக்கவில்லை.

"ஒரு மெஷினுக்கு அரை நாளு எடுக்குற. ஃபார்மேட்னா ஒன்றரை மணி நேரம். கஸ்டமருக்கு என்ன தெரியும்?"

"அவுகளோட ஃபைலெல்லாம் போயிரும்ல அண்ணே."

"மை டாக்குமெண்ட்ஸை எடுத்து வச்சுக்க. அது போதும்."

அதையே வழக்கமாக்கிக்கொண்டேன். எது வந்தாலும் முதலில் மை டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரைக் கடை மெஷினுக்குக் காப்பி செய்துவிடுவேன். மற்றவர்கள் அதையும் செய்வதில்லை என்பதால், நான் பெரிய யோக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

3. தம்பி வீட்டு மெஷின்

2005 கோடையில் தர்மராஜ் என்பவர் ஒரு சிபியுவைக் கொண்டுவந்தார். ராமேஸ்வரத்தில் லாட்ஜ் எடுத்து நடத்துகிறவர். கமுதிப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். முதலாளிக்கு வேண்டியவர். இரண்டு லாட்ஜுகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்குகிற பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்ததால், அவர் படியேறினாலே முதலாளி எழுந்து நிற்பார். அமைதியாகப் பேசுகிற மனிதர். அன்றைக்கு என்னிடம்தான் நேராக வந்தார். மற்றவர்களைப் போல மெக்கானிக் எங்கே என்று கேட்கவில்லை.

"தம்பி வீட்டு மெஷினு, தாயி. ஆஃப் பண்ணும்போது ஏதோ அப்டேட் ஏறுதுன்னு வந்துச்சாம். கரண்டு போயிருச்சாம். அதுலேர்ந்து தொறக்க மாட்டேங்குது."

வாங்கி மேஜையில் வைத்தேன். ஜாப் கார்டில் அவர் பெயரை எழுதினேன். தம்பி யார், எங்கே இருக்கிறார், வீட்டில் யார் அந்த மெஷினைப் பயன்படுத்துகிறார்கள் என்று எதையும் கேட்கவில்லை. யார் கொண்டுவருகிறார்களோ அவர்தான் கஸ்டமர். அப்படித்தான் எல்லாரும் வேலை பார்த்தோம்.

சுலபமான கேஸ். நோட்டில் ஏற்கெனவே இருந்த ஸ்டாப் கோடுதான். சேஃப் மோடில் ஏறியது. அப்டேட்டை நீக்கினேன், டிஸ்க்கைச் செக் செய்தேன், மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன். பகல் பன்னிரண்டு மணிக்கெல்லாம் மெஷின் நன்றாக ஓடியது. டெஸ்க்டாப்பில் ஒரு சிறுமி பெயிண்டில் வரைந்த படம்: கப்பல் மாதிரி ஒன்று, அதன் மேல் ஒரு ஆள், பக்கத்தில் கோணல் எழுத்தில் 'அப்பா'. வழக்கப்படி மை டாக்குமெண்ட்ஸைக் காப்பி செய்தேன். அதில் இன்னும் முப்பது நாற்பது படங்கள் இருந்தன.

தர்மராஜுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, சரியாயிருச்சு. அப்டேட்டை மட்டும் எடுத்துட்டேன். உள்ள இருக்கிறதெல்லாம் அப்படியே இருக்கு."

"எல்லாம் அப்படியேவா இருக்கு?"

"ஆமாண்ணே."

"வேணாம் தாயி. சுத்தமா அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுரு. திரும்பத் திரும்ப நின்னுச்சுன்னா யாரு தூக்கிட்டு அலையிறது?"

"நிக்காதுண்ணே. நல்லா ஓடுது. பிள்ளை வரைஞ்ச படமெல்லாம்..."

"படத்தை வேணா வச்சுக்க. மத்ததெல்லாம் பழைய குப்பை. முதலாளிகிட்டக் குடு."

முதலாளி ரிசீவரை வாங்கி நான்கைந்து முறை "சரிண்ணே" என்றார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சொன்னதைச் செய்யி."

"ஓடுற மெஷினை எதுக்கு அண்ணே..."

"அவரு மெஷினு, அவரு சொல்றாரு. ஒனக்கு என்ன?"

செய்தேன். டிஸ்க்கைத் துடைத்து, ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றி, டிரைவர்கள், ஆபீஸ், ஆன்டிவைரஸ், தமிழ் எழுத்துருக்கள், கடைசியாக அந்த சர்வீஸ் பேக்கையும் முறையாக யுபிஎஸ் வைத்து ஏற்றிக்கொடுத்தேன். சிறுமியின் படங்களைத் திரும்ப உள்ளே போட்டேன். சுத்தமான வேலை என்று முதலாளியே சொன்னார்.

4. மெயில் எங்கே

ஒன்பது நாள் கழித்து ஒரு பெண்ணும் பன்னிரண்டு வயதுச் சிறுமியும் மாடியேறி வந்தார்கள். பெண் என்னைவிட எட்டு, ஒன்பது வயது மூத்தவராக இருக்கலாம். நெற்றியில் பொட்டில்லை. பெயர் செல்வராணி என்றார். சிறுமி கவிதா, அவர் மகள்.

"எங்க வீட்டுக்காரவுக அண்ணன் இங்கனதான் கம்ப்யூட்டரைக் குடுத்தாகளாம். சரியாத்தான் ஓடுது. ஆனா மெயிலைத் தொறந்தா ஒண்ணுமே இல்ல. புதுசா பேரு கேக்குது."

"மெயில் எதுல பாப்பீங்கக்கா? நெட்ல போயா, இல்ல அந்த மெயில் புரோகிராம்லயா?"

கவிதா சொன்னாள்: "புரோகிராம்லதான். நெட் லைன் போட்டு மெயிலை இறக்கிட்டு, லைனை நிறுத்திட்டுப் படிப்போம். போன் பில்லு வருதுன்னு அப்பா அப்பிடித்தான் செட் பண்ணித் தந்தாக."

அப்படியென்றால் சர்வரில் எதுவும் மிஞ்சியிருக்காது. இறக்கியதும் அங்கே அழிந்துவிடும். எல்லா மெயிலும் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்திருக்கும். அதுவும் மை டாக்குமெண்ட்ஸில் இல்லை. அந்தப் புரோகிராம் தன் மெயில்களை ஒளித்து வைக்கப்பட்ட வேறொரு ஃபோல்டருக்குள், ஐந்தாறு அடுக்குக்குக் கீழே வைத்திருக்கும். இது எனக்குத் தெரியாதது அல்ல. பாலிடெக்னிக்கில் படித்ததுதான். அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

செல்வராணி நாற்காலியில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார். கணவர் கருணாகரன் வளைகுடாவில் எலெக்ட்ரீஷியன். நான்கு மாதத்துக்கு முன் வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். ராமநாதபுரத்தில் அவர்கள் இருக்கிற வீடு கருணாகரன் சம்பாத்தியத்தில் வாங்கியது. பத்திரம் பதியும்போது அவர் ஊரில் இல்லாததால் அண்ணன் தர்மராஜ் பெயரில் பதிந்தார்கள். வந்ததும் மாற்றிக்கொள்வது என்று பேச்சு. இப்போது அந்த வீடு தன்னுடையது என்கிறார் தர்மராஜ்.

"மெயில்ல அதைப் பத்தி எழுதியிருந்தாகளாக்கா?"

"அவுக எழுதுனாக. இவுகளும் எழுதுனாக."

"இவுகன்னா?"

கவிதா முந்திக்கொண்டாள். "பெரியப்பா. எங்க வீட்டுக்கு வந்து, அந்தச் சேர்லதான் உக்காந்தாக. அவுகளுக்கு டைப் அடிக்கத் தெரியாது. அவுக சொல்லச் சொல்ல நான்தான் அடிச்சேன். 'வீடு உன்னோடதுதான்டா, நீ வந்ததும் உன் பேருக்கு மாத்தித் தாரேன்'னு. தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சேன். அது அனுப்புன மெயில்ல இருந்துச்சு."

"பிரிண்ட் எடுத்து வைக்கலையாக்கா?"

"பிரிண்டர் இல்லையே. வேணுங்கிறப்ப தொறந்து படிச்சுக்கலாம்னு இருந்துட்டேன்." பிறகு, "தெனமும் படிச்சேன்" என்றார்.

முதலாளி தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து, "அம்மா, கொண்டுவந்தவரு அழிக்கச் சொன்னாரு, அழிச்சோம். கடைமேல பழி இல்ல. வீட்டுல பேசிக்கங்க" என்றார்.

செல்வராணி என்னைத்தான் பார்த்தார். "அழிக்கச் சொன்னாகளா? ரிப்பேர்ல தன்னால அழிஞ்சு போச்சுன்னுல்ல எங்ககிட்ட சொன்னாக?"

5. பதினோரு துண்டு

'அந்த டப்பாவை மறுபடி கடைக்குள்ள கொண்டாராத' என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் தங்கியிருந்த அறைக்குக் கீழே தெரிந்தவர் ஒருவரின் பிரவுசிங் சென்டர் இருந்தது. அழிந்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்று பார்க்க, அங்கே இடம் கேட்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து பொழுது சாயும் வரை உட்கார்ந்தேன். செல்வராணி சிபியுவை ஆட்டோவில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். போகச் சொன்னாலும் போகவில்லை.

ஃபார்மேட் செய்தால் எல்லாம் அந்த நொடியே மறைந்துவிடுவதில்லை. புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது மாதிரிதான் அது. பக்கங்கள் உள்ளேயே கிடக்கும். அவற்றின் மேல் வேறு எதையாவது எழுதும்போதுதான் அழியும். நானோ மேலே எழுதியிருந்தேன். ஆபரேட்டிங் சிஸ்டம், ஆபீஸ், ஆன்டிவைரஸ், சர்வீஸ் பேக். ஒன்றுமே செய்யாமல் சோம்பேறியாக வெறும் ஃபார்மேட்டோடு கொடுத்திருந்தால் பாதியாவது கிடைத்திருக்கும். நான் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்திருந்தேனோ, அவ்வளவுக்கு அழிந்துபோயிருந்தது.

ரெக்கவரி சாஃப்ட்வேர் டிஸ்க்கை ஒரு முனையிலிருந்து துழாவிக்கொண்டே போனது. முதல் ஞாயிறு முழுக்கக் குப்பைதான். இரண்டாவது ஞாயிறு மெயில் துண்டுகள் வரத் தொடங்கின. மொத்தம் பதினொன்று. ஊறுகாய் பூத்துவிட்டது, அடுத்த முறை எண்ணெய் கூடுதலாக ஊற்றிக் கொடுத்துவிடு என்று ஒன்று. பாப்பாவுக்குக் கண்ணாடி மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா என்று ஒன்று. அறையில் கூட இருப்பவன் குறட்டை விடுகிறான் என்று ஒன்று. செல்வராணி ஒவ்வொன்றுக்கும் தலையசைத்து, அது எந்த மாதம் வந்தது என்று சொன்னார்.

ஒன்பதாவது துண்டு இப்படித் தொடங்கியது: 'வீட்டு விஷயமா அண்ணன்கிட்ட நான் தெளிவா'.

அதற்குப் பிறகு கட்டங்களும் கேள்விக்குறிகளும். கீழே இறக்கிக்கொண்டே போனேன். இரண்டு பக்கத்துக்கு அதே கட்டங்கள்தான். அப்புறம் ஆன்டிவைரஸின் ஃபைல் ஒன்றின் தலைப்பு.

"அடுத்தது எங்கன?" என்றார் செல்வராணி.

"இல்லக்கா."

"கொஞ்சம் கீழ பாரேன்."

"அதுமேலதான் நான் வேறொண்ணை எழுதியிருக்கேன்."

அவர் திரையைத் தொட்டுப் பார்த்தார். விரலால் அந்தக் கட்டங்களைத் தடவினார். நான் எழுந்து வெளியே போய் நின்றேன்.

கருணாகரன் வளைகுடாவிலிருந்து எழுதிய மெயில் கணக்கையாவது திறக்க முடியுமா என்று பார்த்தோம். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. கவிதா தன் பெயரை அடித்தாள், பிறந்த தேதியை அடித்தாள், அம்மா பெயரை அடித்தாள். எதற்கும் திறக்கவில்லை. அப்பா தன் பெயரைத்தான் வைத்திருப்பார் என்று அவள் நினைத்திருந்தாள் போல. முகம் சுருங்கிவிட்டது.

6. "நீதானே அழிச்ச?"

வக்கீல் ஒருவரிடம் போனதற்கு, தாள் இருந்தால் வாருங்கள் என்றாராம். எனவே ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசுவது என்று முடிவானது. செல்வராணி வந்து கேட்டார்.

"நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மெஷினு சரியா இருந்துச்சு, அவுகதான் அழிக்கச் சொன்னாகன்னு."

போனில் சொன்னது. கையெழுத்தில்லை, தாளில்லை. என்னைத் தவிரக் கேட்டவர் முதலாளி ஒருவர்தான். அவரையும் வரச் சொல்லிக் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல" என்றார். ஞாபகமில்லாத ஆள் முகம் அப்படி இருக்காது. "நீயும் போகாத. அது குடும்பத்துச் சண்டை. நாளைக்கு அவுக ஒண்ணாச் சேந்துக்குவாக, நாமதான் கெட்ட பேரு எடுப்போம்."

நான் போனேன். ராமநாதபுரத்திலிருந்து கமுதி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அவர்கள் ஊர். தர்மராஜ் வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. ஒரு பக்கம் மிளகாய் அம்பாரம், இன்னொரு பக்கம் நாற்காலிகள். நெடியில் யாராவது இருமிக்கொண்டே இருந்தார்கள். தர்மராஜ் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"வா தாயி. வெயில்ல வந்துருக்க. ஏலே, பிள்ளைக்குக் கலர் ஒடச்சுக் குடுங்கடா."

கலர் சோடா வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தேன்.

செல்வராணி நடந்ததைச் சொன்னார். கவிதா தான் டைப் அடித்ததைச் சொன்னாள். "சின்னப் பிள்ளைகள நடுவுல இழுக்காதீக" என்று ஒருவர் சொல்ல, அவளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டார்கள். அப்புறம் என் முறை. நான் எழுந்து நின்று, பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். மெஷின் சரியாகிவிட்டது. உள்ளே எல்லாம் இருந்தது. அழிக்கத் தேவையே இல்லை. இவர்தான் போனில் அழிக்கச் சொன்னார்.

பேச்சுக்குத் தலைமை தாங்கிய பெரியவர் தர்மராஜைப் பார்த்தார்.

தர்மராஜ் கோபப்படவில்லை. "சொன்னேன்ணே. புதுசாப் போடச் சொன்னேன். திரும்ப நின்னுறக் கூடாதுன்னுதான். எனக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்? டைப்பே அடிக்கத் தெரியாதவன். உள்ள லெட்டரு இருக்கா, என்ன இருக்குன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? படிச்ச பிள்ளைய நம்பித்தானே குடுத்தேன்?" என்னிடம் திரும்பினார். "தாயி, உன்னைக் குத்தம் சொல்லல. கேக்குறேன். அழிச்சது நீதானே?"

"ஆமா. நீங்க சொல்லித்தான்..."

"இரும்மா" என்றார் பெரியவர். "அழிச்சது நீயா?"

"ஆமாய்யா."

"அழிக்கிறதுக்கு முந்தி வேணுங்கிறதை எடுத்து வச்சுக்க முடியுமா, முடியாதா?"

"முடியும்."

"எடுத்து வச்சியா?"

"பிள்ளை வரைஞ்ச படத்தையெல்லாம் எடுத்து வச்சேன்."

யாரோ சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார்: "ஏம்மா, பிள்ளை கிறுக்குன படத்தை எடுத்து வச்ச. புருஷன் எழுதுன லெட்டரை எடுத்து வைக்கத் தெரியலையா?"

ஒளித்து வைக்கப்பட்ட ஃபோல்டரைப் பற்றி அந்தக் கொட்டகையில் எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். அது வேறொரு இடத்தில் இருக்கும், சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது என்றேன். "அப்ப இருந்துச்சான்னே நீ பாக்கல?" என்று இன்னொருவர் கேட்டார். பார்க்கவில்லை என்றேன். அதுவும் உண்மைதான். அதற்குமேல் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பதினோரு துண்டின் பிரிண்டும் கைமாறிக் கைமாறிப் போனது. ஊறுகாய் விஷயத்தை ஒருவர் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். செல்வராணி எழுந்து போய் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

டவுன் வீடு பத்திரத்தில் உள்ளபடி அண்ணனுக்கு, தம்பி பெண்டாட்டி ஊரிலுள்ள பழைய வீட்டில் இருந்துகொள்ளலாம், பிள்ளை கல்யாணத்துக்குப் பெரியப்பாதான் பொறுப்பு என்று பேசி முடித்தார்கள். தர்மராஜ் எல்லாருக்கும் கும்பிடு போட்டார்.

திரும்பும்போது பஸ்ஸுக்காகக் கருவேல மரத்தடியில் நின்றோம். கவிதா தள்ளிப்போய் நின்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். பஸ் தூரத்தில் தெரிந்தபோது செல்வராணி சொன்னார்.

"நீ வராம இருந்துருந்தா, வேணும்னே அழிச்சுப்புட்டாகன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டாவது திரிஞ்சிருப்பேன். நாலு பேராவது நம்பியிருப்பாக. அழிச்சது நீதான்னு நீயே சொல்லிட்ட. இப்ப அதுவும் இல்ல."

7. அதற்குப் பிறகு

திங்கட்கிழமை முதலாளி, "போனியாமே" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அன்றிலிருந்து சர்வீஸ் மேஜையில் வேறு ஆள். என்னை விற்பனைப் பக்கம் போட்டார்கள். தர்மராஜின் லாட்ஜுகளுக்குக் கம்ப்யூட்டர் போனபோது டெலிவரி சலானை நான்தான் எழுதினேன். அன்றைக்கே வேலையை விட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. இன்னும் ஒன்றரை வருஷம் அங்கேயேதான் இருந்தேன். திரும்ப வீட்டில் போய் உட்கார எனக்குத் தெம்பில்லை.

2007இல் தனியாக வந்தேன். கடை கிடையாது. ஒரு ஸ்கூட்டியும் டூல் பையும் ஒரு பெரிய ஹார்டு டிஸ்க்கும்தான். வீடு வீடாகப் போய்ச் சரிசெய்வது. அப்டேட் நிற்காமல் வந்துகொண்டிருந்தது, மெஷின்கள் விழுந்துகொண்டிருந்தன. டிஸ்க் முழுவதையும் அப்படியே இமேஜாக, அதாவது ஒரு எழுத்து விடாத முழுப் பிரதியாக, எடுக்காமல் நான் ஒரு ஸ்குரூகூடக் கழற்றுவதில்லை. நேரமாகும். 'அந்தப் பொம்பளை ரொம்ப மெதுவு' என்று ராமநாதபுரத்தில் எனக்குப் பெயர்.

2009இல் ஒருநாள் ஜெராக்ஸ் கடையில் செல்வராணியைப் பார்த்தேன். நயினார்கோவில் பக்கம் தன் அம்மா வீட்டிலிருந்து, டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்கு வந்துபோவதாகச் சொன்னார். மகளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை நான்கு பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். ஒன்று போதுமே என்று கடைக்காரர் சொன்னதற்கு, "நாலு எடுங்க" என்றார்.

"அந்தப் பதினோரு தாளும் இருக்காக்கா?"

"எரிச்சுட்டேன்."

அவர் பிரதிகளை எண்ணிப் பைக்குள் வைத்தார்.

"பாதியில நிக்குதுல்ல. தெளிவா, தெளிவான்னு. தெளிவா என்ன சொன்னாகன்னு யோசிச்சு யோசிச்சு ஒருநாள் அடுப்புல போட்டுட்டேன்."

கவிதா வாசலில் நின்றிருந்தாள். உயரமாகிவிட்டாள், கண்ணாடி போட்டிருந்தாள். என்னைத் தெரிந்தது அவளுக்கு. நான் சிரித்தேன். அவள் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் வரைந்த படங்கள் எல்லாவற்றையும் பத்திரமாகக் காப்பாற்றிக் கொடுத்தவள் நான்தான்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டால், பேக்கப் எடுங்கள், மெயில் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள் என்பேன். அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது ஒன்று உண்டு. மெஷினைக் கொண்டுவருகிறவரிடம், உள்ளே இருப்பது யாருடையது என்று கேளுங்கள். சிலருக்குக் கோபம் வரும். என்னிடம் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். போகட்டும்.

நான் பார்த்த எத்தனையோ அப்டேட் கோளாறுகளில் செல்வராணி வீட்டு மெஷினைப் போலச் சுலபமானது குறைவு. அந்த அப்டேட்டால் அவருக்கு ஒரு எழுத்துகூடப் போகவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லாம் அப்படியே இருந்தது. போனதெல்லாம் அதற்குப் பிறகு, அமைதியான குரலில் ஒருவர் சொன்னார் என்று, முடியாது என்று சொல்ல வாய் வராமல், என் கையால் போனது.